ஹைமாவில் ஒரு கோடை

ஜூன் 17

ஹைமா கேம்ப்பில் வயரிங் வேலையிலிருந்த ராமநாதபுரத்துப் பையன் காலை பதினொன்றே காலுக்குச் சுருண்டு விழுந்தான். பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை திறந்தவெளியில் வேலை கூடாது என்பது ஓமானில் கோடைக்காலச் சட்டம். அன்றைய வெயில் அதுவரை காத்திருக்கவில்லை. உடம்புச் சூடு 41 டிகிரி என்றார் நர்ஸ். ஃபோர்மேன் ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். செலவுக் கணக்கு எழுதும் நோட்டில் இதையும் எழுதி வைத்தார்.

ஜூன் 18

பையன் கண் திறந்தான். பெயர் சொல்கிறான். கிழமை சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 26

ஃபோர்மேன் ஓரிக்ஸ் காப்பகத்தில் ஜெனரேட்டர் பார்க்கப் போனார். வேலிக்குள் ஒரு கருவேல மரத்தடியில் நாலைந்து வெள்ளை இரலைகள் மண்ணைக் குளம்பால் பறித்துப் பள்ளமாக்கி, மேல்சூடு நீங்கிய மண்ணில் வயிறு படப் படுத்திருந்தன. நண்பகல். ஒன்றுகூட அசையவில்லை. "மஹா இனி சாயங்காலம்தான் எழும்" என்றார் காவலுக்கு இருந்த ஹராசீஸ் பழங்குடிப் பெரியவர். ஓரிக்ஸுக்கு அரபியில் மஹா என்று பெயர்.

ராத்திரி ரூமில் போனை நோண்டினார். வெயில் ஏறும்போது ஓரிக்ஸ் வியர்த்துத் தண்ணீரை வீணாக்காதாம். உடம்புச் சூட்டை ஏறவிட்டு, ராத்திரிக் குளிரில் இறக்கிவிடும். கோடையில் ஒரே நாளில் சுமார் நாலு டிகிரி ஏறி இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கபாலத்தின் அடியில் மெல்லிய வலையாகப் பிரிகிறது. மூக்கில் குளிர்ந்து திரும்பும் ரத்தம் அந்த வலையைச் சுற்றி ஓடுவதால், சூடு கொஞ்சம் தணிந்த பிறகே ரத்தம் மூளைக்குள் போகிறது. சிறுநீரும் சொட்டுத்தான், கெட்டியாக.

மனிதனுக்கு அந்த வலை இல்லை.

ஜூலை 2

வேலையை விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கலாமா என்று ஆபீசுக்கு எழுதினார்.

ஜூலை 9

பதில் இல்லை.

ஜூலை 21

பெரியவரோடு மறுபடி டீ. அவர் சொன்னதும் பிறகு படித்ததும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்தன. காட்டில் மிஞ்சியிருந்த கடைசி அரேபிய ஓரிக்ஸ் சுடப்பட்டது 1972இல், இதே ஜித்தத் அல் ஹராசீஸ் சமவெளியில். நல்லவேளையாக 1962லேயே அன்றைய ஏடன் பாதுகாப்புப் பிரதேசத்தின் கிழக்குப் பாலைவனத்தில் சிலவற்றைப் பிடித்து, பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். பல இடங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து, ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் ஒன்பதை வைத்து ஒரு மந்தை உருவானது. அந்த வம்சத்தை 1982இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காவல் ஹராசீஸ் மக்களிடம். 1996இல் எண்ணிக்கை 450.

அப்புறம் பிக்கப் வண்டிகள் வந்தன. இந்த முறை சுடவில்லை, உயிரோடு பிடித்துப் பணக்காரர்களின் தனியார் பண்ணைகளுக்கு விற்றார்கள். பெட்டைகளுக்குத்தான் நல்ல விலை. விரட்டிப் பிடிக்கும்போதே செத்தவையும் உண்டு. 50 டிகிரி வெயிலைத் தாங்கும் உடம்பு, துரத்தும் வண்டிக்கு முன் தாங்காது. 2007இல் 65 மிஞ்சின, அதில் நாலு ஜோடிதான் குட்டி போடக்கூடியவை. எண்ணெய் தேடுவதற்காக இந்த ஓரிக்ஸ் சரணாலயத்தின் பரப்பு 90 சதவீதம் வெட்டப்பட்டது. அதே வருடம் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. எந்த இடத்துக்கும் அதற்கு முன் நடக்காதது.

தன் சம்பளமும் எண்ணெயிலிருந்துதான் வருகிறது என்று கீழே எழுதி, அடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 30

பையன் ஊருக்குப் போய்விட்டான். ஏர்போர்ட்டில் சிரித்தான்.

செப்டம்பர் 24

கடலிலிருந்து வந்த மூடுபனி, கேம்ப் வாசலே தெரியவில்லை. தகரக் கூரை சொட்டியது. மழையே காணாத மாதங்களில் ஓரிக்ஸ் பிழைப்பது இந்த ஈரத்தில்தான். பனி உலர்வதற்குள் புல்லையும் இலையையும் மேய்ந்துவிடும். ஃபோர்மேனுக்கு என்னவோ காலையிலிருந்தே நல்ல மனநிலை.

மத்தியானம் பையன் போன் செய்தான். "அண்ணே, திரும்ப வரட்டுமா? கடன் அப்படியே இருக்கு."

"உடம்பு எப்படிடா தம்பி?"

"அதெல்லாம் நல்லாருக்குண்ணே."

விசா விஷயம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்கவில்லை.