மூச்சும் முழக்கமும்

பந்தய வேகத்தில் செல்லும் காரைப் பற்றி ஒரு ரயில்வே குமாஸ்தா எழுதப் புகுவது அதிகப்பிரசங்கம் என்று அன்பர்கள் எண்ணக்கூடும். நாம் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானமையால், கருணை அடிப்படையில் இந்த வேலை கிடைத்தது. நமக்குச் சொந்தமான வாகனம் ஒரு பழைய ஸ்கூட்டர். ஆயினும் 2023-ஆம் ஆண்டுக் கோடையில், பூனாவில் நம் இரண்டறைக் குவார்ட்டர்ஸில் ஒரு காரின் காற்று வடிகட்டி மூன்று பேருடைய உறக்கத்தைக் கெடுத்தது. அந்தக் கதையைச் சொன்னால், நம்மைப் போல் ஊரை விட்டு வந்து, உறவினர் பிள்ளைகளை வீட்டில் வைத்து ஆளாக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று கருதுகிறோம்.

நமக்கு அலுவல் டீசல் எஞ்சின் ஷெட்டின் பண்டகசாலையில். காற்று வடிகட்டிகள் நம் கை வழியாகத்தான் போய் வரும். போகும்போது வெளிறிய மஞ்சள் நிறம். திரும்பும்போது கரி நிறம். பேரேட்டில் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்பதே நம் கவலையாக இருந்தது. அது எதற்காக மாட்டப்படுகிறது, மாட்டாவிட்டால் என்ன நேரும் என்று பல ஆண்டுகள் நாம் யாரையும் கேட்டதில்லை.

நம் மைத்துனன் திருநெல்வேலிப் பக்கத்தில் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் படித்துவிட்டு, 2019-இல் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நகரில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. செல்வந்தர்கள் தம் கார்களுக்கு வேகமும் ஓசையும் கூட்டிக்கொள்ள வரும் பட்டறை அது. மாதந்தோறும் ஊருக்கு அவன் அனுப்பும் 8,000 ரூபாயில்தான் அவன் தாயார் அடகு வைத்த நகையின் வட்டி கட்டப்பட்டு வந்தது.

அந்தப் பட்டறைக்கு ஒரு காண்ட்ராக்டரின் இரண்டு இருக்கைக் கார் வந்தது. அதில் சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்டிருந்தது. அது யாதெனில், கொல்லன் உலைக்குத் துருத்தி எப்படியோ, எஞ்சினுக்கு அது அப்படி. ஒரு பெட்டிக்குள் ஒன்றோடொன்று உராயாமல் சுழலும் இரண்டு உருளைகள் காற்றை வாரி உள்ளே தள்ளும். எஞ்சினின் சுழற்சியே ஒரு பெல்ட்டின் மூலம் அவற்றைச் சுழற்றும். அமெரிக்காவில் ரூட்ஸ் என்னும் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதியின் வழிவந்தது இது. உலைக்களங்களுக்குக் காற்றூதிய அந்தக் கருவி, பின்னர் காருக்கு வந்து சேர்ந்தது. 1921-இல் மெர்சிடிஸ் நிறுவனத்தார் இவ்வகைக் கார்களைப் பெர்லின் கண்காட்சியில் வைத்தனர். 1930-இல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில், பிர்கின் என்னும் வீரர் ஊதி பூட்டிய பென்ட்லி காரில் காற்றாய்ப் பறந்தார். ஆனால் அந்தக் கார் இறுதிவரை நிற்கவில்லை. வென்றது ஊதி இல்லாத வேறொரு பென்ட்லி. இவற்றையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது மைத்துனன் சொல்லச் சொல்ல, நாமும் நம் இல்லத்தரசியும் கதை கேட்பதுபோல் கேட்டிருந்தோம்.

“ஒரு லிட்டர் பெட்ரோல் முறையாக எரிய 9,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும், அத்தான். கார் குடிப்பது பெட்ரோலை அல்ல, காற்றைத்தான்” என்பான். அவ்வளவு காற்றோடு வரும் தூசி முழுவதையும் தடுத்து நிறுத்துவது ஒரு வடிகட்டி. அது தவறினால் தூசி உருளைகளின் பூச்சைச் சுரண்டி, சிலிண்டருக்குள் போய் அதன் சுவரையும் தேய்த்துவிடும்.

காரின் உரிமையாளர் விரும்பியது ஓசை. அதற்காக அவ்வாண்டு பிப்ரவரியில், கார் செய்தவர்கள் வைத்த மூடிய வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, எண்ணெய் தோய்த்த பருத்தியாலான கூம்பு வடிவ வடிகட்டியை எஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்தபடி மாட்டினார்கள். மாட்டியவன் நம் மைத்துனன். பெட்டிக்குள் அடங்கியிருந்த ஊதியின் சீழ்க்கை இப்போது தெரு முழுவதும் கேட்டது. உரிமையாளர் மகிழ்ந்து 2,000 ரூபாய் இனாம் கொடுத்தார். அதைத் தமக்கையிடம் கொடுத்துக் காலில் விழுந்தான் பையன். அன்று நம் வீட்டில் கேசரி.

ஏப்ரல் வந்தது. எஞ்சினின் வெக்கையைத் திறந்த வடிகட்டி அப்படியே உள்ளிழுத்தது. வெளியே 35 டிகிரி இருக்க, நெரிசலில் நின்று நின்று போகும்போது வடிகட்டியின் அருகே 65 டிகிரி இருந்ததைப் பையன் கருவியில் பார்த்தான். சூடான காற்று கனம் குறைந்தது. ஊதி ஒவ்வொரு சுற்றுக்கும் அதே அளவு காற்றைத்தான் அள்ளும். அந்த அளவுக்குள் இருக்கும் காற்றின் எடையோ நூற்றுக்கு 9 பங்கு குறைந்துபோகும். ஓசை கூடிற்று, வலிமை குறைந்தது. முதலாளியிடம் இதைச் சொன்னான். “கேட்டது ஓசை, கொடுத்தது ஓசை” என்று அவர் முடித்துவிட்டார்.

அம்மாத இறுதியில் வடிகட்டியைக் கழுவ வண்டி வந்தது. கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெயைச் சிறிது சிறிதாக இட்டு, அது பரவும் வரை காத்திருக்க வேண்டும். அன்று அவசரம். பையன் எண்ணெயை மிகுதியாக இட்டு உடனே மாட்டிவிட்டான். இரண்டு நாள் கழித்து, பம்பாயிலிருந்து திரும்பும் வழியில் போர்காட் ஏற்றத்தில் அந்தக் கார் சோர்ந்தது. எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. ரயிலுக்காவது அந்த மலையில் பின்னாலிருந்து தள்ள, கர்ஜத்தில் துணை எஞ்சின் பூட்டுவார்கள். காருக்கு யார் பூட்டுவார்?

சனிக்கிழமை வண்டி பட்டறைக்கு வந்தது. முதலாளி எச்சரிக்கையைக் கருவியால் அழித்துவிட்டு, “பெட்ரோலில் கலப்படம்” என்று உரிமையாளரிடம் சொல்லி அனுப்பினார். பையனை உள்ளே அழைத்து, வாய் திறக்கக்கூடாதென்றார். உரிமையாளர் செவ்வாய்க்கிழமை அதே காரில் கோவா செல்லவிருந்தார்.

ஞாயிறு இரவு பையன் சாப்பிடவில்லை. விளக்கணைத்த பின் எழுந்து உட்கார்ந்து, “அத்தான், தப்பு என்னுடையது” என்றான்.

நாம் அப்போது சொன்ன சொல்லை மறைக்க விரும்பவில்லை. “முதலாளி சொன்னபடி இரு. வேலை போனால் நகை போகும்” என்றோம். இருபது வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் சொன்ன புத்தி அதுதான்.

அவன் மறுத்துப் பேசவில்லை. சாக்பீஸ் எடுத்துத் தரையில் ஒரு குழாய் வரைந்தான். காற்று வரும் வழியில் மயிரிழை போன்ற ஒரு சூடான கம்பி இருக்கும். காற்று பட்டு அது எவ்வளவு குளிர்கிறதோ அதை வைத்து, எவ்வளவு காற்று வருகிறதென்று காரின் கணிப்பொறி கணக்கிடும். மிகுந்த எண்ணெய் அந்தக் கம்பியில் படிந்தால் அது சரியாகக் குளிராது. காற்று குறைவாக வருவதாகப் பொய்க் கணக்குப் போகும்; கணிப்பொறியும் பெட்ரோலைக் குறைத்துவிடும். மெதுவாகப் போகும்போது, புகைப்போக்கியில் உள்ள மற்றொரு கருவி அதை ஒருவாறு திருத்திக்கொள்ளும். முழு வேகத்தில் அந்தத் திருத்தம் போதாது. அழுத்திய காற்று மிகுதியாகவும் பெட்ரோல் குறைவாகவும் இருந்தால், எஞ்சினுக்குள் வெப்பம் ஏறி, நெருப்பு கட்டுக்கு அடங்காமல் வெடிக்கும், பிஸ்டனே உருகிவிடலாம்.

“ஓடிக்கொண்டிருக்கும்போதா?” என்று கேட்டாள் நம் இல்லத்தரசி.

“ஆமாம், அக்கா.”

“அந்த வண்டியில் போகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. பொய்க் கணக்கு எழுதும் கம்பியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த கணக்குக் குமாஸ்தாவுக்கு வெட்கமாயிருந்தது.

திங்கட்கிழமை தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பையனோடு அந்த உரிமையாளரின் வீட்டுக்குச் சென்றோம். நமக்குத் தெரிந்த மராத்தியில் வந்த காரியத்தைத் தொடங்கினோம். மிச்சத்தை அவனே சொன்னான். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின், “சனிக்கிழமையே ஏன் சொல்லவில்லை?” என்றார். “பயம், சாஹேப்” என்றான். அதைவிடச் சுருக்கமான உண்மை வேறில்லை.

அன்று பகலிலேயே அவர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் நின்று பார்த்தார். முதலாளியின் முகத்தை நாம் வருணிக்கப் போவதில்லை. பையன் அந்தக் கம்பிக்குரிய திரவத்தைத் தெளித்துச் சுத்தம் செய்து, உலரவிட்டான். பரணிலிருந்த பழைய பெட்டியை இறக்கித் துடைத்து, வெடித்திருந்த ரப்பர் விளிம்பை மாற்றி, புதிய காகித வடிகட்டியை வைத்தான். முன்புறக் கிராதியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாயையும் ஒழுங்காகப் பொருத்தினான். ஓட்டிப் பார்த்தபோது உள்ளே போகும் காற்று, வெளிக்காற்றைவிடச் சில டிகிரிதான் கூடுதலாக இருந்தது. “சத்தம் போய்விட்டதே” என்றார் உரிமையாளர். “பலம் வந்துவிட்டது, சாஹேப்” என்றான் பையன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தார்.

இதன்பின் எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். பத்து நாளில் புதிய கருவி வந்தது; அதன் விலையைப் பையனின் சம்பளத்தில் ஐந்து தவணையாகப் பிடித்தார்கள். அந்த ஐந்து மாதமும் ஊருக்குப் போகும் பணத்தில் குறைந்ததை, நம் வீட்டுச் செலவைச் சுருக்கி நாம் ஈடு செய்தோம். அந்த உரிமையாளர் மறுபடி அந்தப் பட்டறைக்கு வரவில்லை. முதலாளி ஒரு மாதம் பையனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு நீக்கவும் இல்லை.

ஒரு நாள் பையன் நம்மிடம், “அத்தான், உங்கள் பேரேட்டில் எப்படிக் கட்டம் போடுவீர்கள்?” என்று கேட்டான். வடிகட்டி மாட்டிய நாள், ஓடிய கிலோமீட்டர், கழுவிய நாள், மாட்டியவர் கையொப்பம் என்று நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தோம். அதை அட்டையில் எழுதி, தான் தொடும் ஒவ்வொரு காரிலும் வைக்கத் தொடங்கினான். இப்போது முதலாளியே அதை அச்சடித்து வைத்திருக்கிறார்.

நம் ஷெட்டில் மின்சார எஞ்சின்கள் பெருகி, டீசலின் காலம் தேய்ந்து வருகிறது. ஆயினும் கரிபடிந்து திரும்பும் வடிகட்டியைக் கையில் வாங்கும்போதெல்லாம், அதை இப்போது ஒரு கணம் உற்றுப் பார்த்த பின்பே எண்ணிக்கையில் சேர்க்கிறோம். இந்தக் கரி உள்ளே போகாமல் நின்றதால்தான் ஒரு வண்டி மலையேறிற்று. பிள்ளைகளை ஆளாக்கும் நாமும் அவ்வாறு நிற்க வேண்டியவர்கள். அன்றிரவு நாம் நிற்கத் தவறினோம். நம் வீட்டில் வேறொருவர் நின்றார்.