களியின் பிறப்பிடம்

தர்மபுரியில் தனியாகக் குடித்தனம் நடத்த நேர்ந்து, அடுப்பு மூட்டுவதிலிருந்து சமையலைக் கற்றுக்கொள்ளப் புகுந்த எனக்கு, சோறு வடிப்பதற்கு முன்பாகவே களி கிண்டும் வித்தை உபதேசமாயிற்று. எங்கள் தெரு முழுவதற்கும் ஆயாவாக விளங்கும் மூதாட்டி ஒருவரே குரு. கொதிக்கும் நீரில் நொய்யரிசி மலர வெந்ததும், ராகி மாவை நடுவில் மேடாகக் கொட்டி, துடுப்பின் காம்பால் அம்மேட்டில் ஒரு துளையிட்டு, நீர் அதன் வழியே கொப்புளித்து மேலே வருமாறு செய்துவிட்டு, அவர் தணலைக் குறைத்தார். நான் துடுப்பை எடுக்கப் போனேன். “மாவு கொட்டுனா கையி வெக்காத, கண்ணு. அது பாட்டுக்கு வேகட்டும்” என்றார். பச்சை வாசனை போய், மாவின் நிறம் கருத்து மினுமினுத்த பிறகுதான் பாத்திரம் கீழே இறங்கிற்று. கவைக்கோலைக் கால்களால் மிதித்துப் பாத்திரத்தை அசையாமல் நிறுத்தி, இரு கைகளாலும் துடுப்பை ஊன்றி அவர் கிண்டிய வேகத்தில், ஒரு கட்டிகூட மிஞ்சாமல் எல்லாம் ஒரே பிண்டமாகத் திரண்டது. ஈர விரலால் தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. களி வெந்துவிட்டது என்பதற்கு அதுவே பிரமாணம்.

கிளறாதே என்ற அந்தக் கட்டளையை முதன்முதலில் யார் கண்டறிந்து யாருக்குச் சொல்லியிருப்பார்கள் என்ற விசாரம் அன்று என்னைப் பற்றிக்கொண்டது. சமையல் அறியாத இளம் பெண்களுக்கென்றே எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ என்ற அருமையான நூல் என் அலமாரியில் இருந்தது. பக்கத்தில் நின்று சொல்லித் தரும் பெரியவர்கள் இல்லாத வீட்டில் அவர்களது ஸ்தானத்தை ஏற்ற நூல் அது. ஆனால் அரிசியையும் பருப்பையும் புளியையும் பிரதானமாகக் கொண்ட சமையலறைக்கு உரியது. ஆகவே தானியத்தையே பின்தொடர்ந்து செல்வது என்று தீர்மானித்தேன்.

ராகி இந்த மண்ணில் பிறந்ததன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களில், எத்தியோப்பியாவும் உகாண்டாவும் அடங்கிய பிரதேசத்தில், காட்டுப் புல்லாக இருந்ததைப் பண்படுத்தி எடுத்த பயிர் என்பது தாவரவியலாரின் முடிவு. கடல் கடந்து அது இந்தியாவுக்கு வந்த காலத்தைப் பற்றி மட்டும் அபிப்பிராய பேதம் நீடிக்கிறது. பழைய அகழ்வாய்வுகளில் ராகி என்று அறிவிக்கப்பட்ட விதைகள் பலவற்றை, வேறு சிறுதானியங்களாக இருக்கக்கூடும் என்று பின்வந்தவர்கள் மறுபரிசீலனை செய்திருக்கிறார்கள். உகாண்டாவில் இன்றும் ராகி மாவைக் கொதிநீரில் இட்டு, மரத் துடுப்பால் கிண்டி, கையால் கிள்ளியெடுத்து, குழம்பில் தோய்த்து உண்கிறார்கள். இதை அறிந்தபோது, தானியத்தோடு களியும் கப்பலேறி வந்தது என்று நம்பிவிட எனக்கு மிகுந்த ஆசை உண்டாயிற்று.

ஆனால் ஒரு பிடி ராகியைக் கையில் வைத்து நன்றாகப் பார்த்தபின் அந்த ஆசை தளர்ந்தது. சாமையையும் தினையையும் உமி நீக்கி முழுமணியாகவே சோறாக்கலாம். ராகி மணியோ மிகச் சிறியது. அதன் செந்நிறத் தோல் உள்ளே இருக்கும் மென்மையான மாப்பொருளோடு இறுக ஒட்டியிருப்பதால், அதை மட்டும் தனியே தீட்டி எடுக்கப் போனால் மணியே நொறுங்கிவிடும். எனவே தோலோடு மாவாக அரைப்பதே இயல்பான வழி. கோதுமை மாவை இழுவையாகப் பிணைக்கும் பசைப் புரதம் ராகியில் இல்லாததால், அந்த மாவை மெல்லிய ரொட்டியாக விரிப்பதும் எளிதன்று. கொதிநீரில் மாப்பொருளை வேகவைத்து அதன் பசையாலேயே திரளச் செய்வது ஒன்றுதான் ஏழை வீட்டு அடுப்புக்கு ஏற்ற உபாயம். உலர்ந்த மாவைக் கொட்டியவுடன் கலக்கினால், ஒவ்வொரு திரளின் மேற்புறமும் உடனே வெந்து பசையாகி, உள்ளிருக்கும் மாவுக்கு நீர் சேராமல் தடுத்துவிடும், அதுவே கட்டி. ஆயாவின் கட்டளைக்குக் காரணம் இதுதான். உகாண்டாவிலும் தர்மபுரியிலும் ஒரே மாவு ஒரே பாடத்தைத் தனித்தனியே கற்பித்திருக்கலாம் என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது.

தர்மபுரியை அடுத்துள்ள மைசூர்ச் சீமையில் 1800-இல் பிரயாணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், புன்செய்ப் பயிர்களில் ராகியே முதன்மையானது என்றும் எளிய ஜனங்களின் ஆகாரம் அதுவே என்றும் எழுதிவைத்தார். மண்ணுக்கடியில் குழிகளில் இட்டு மூடினால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும் தானியம் அது. 1876–78 பஞ்சத்துக்கு முன் 19 லட்சத்துக்கு மேலிருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை, 1881-இல் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று; தர்மபுரி அப்போது அந்த ஜில்லாவிலேயே அடங்கியிருந்தது. மழை பொய்க்கும் இப்படிப்பட்ட நிலத்தில், பூச்சி அரிக்காத ஒரு தானியத்தின் அருமையை எந்தப் பிரயாணியையும்விட அதை விதைத்தவர்களே நன்கு அறிந்திருப்பார்கள்.

மிஞ்சிய சந்தேகம் நொய்யைப் பற்றியது. நெல் அருமையாக இருந்த ஊரில் களிக்குள் அரிசி எப்படிப் புகுந்தது என்று ஆயாவிடமே கேட்டேன். தம் தாயார் காலத்தில் சாமை நொய்தான் போட்டார்கள் என்றும், ரேஷன் அரிசி வந்த பிறகே அது மாறிற்று என்றும் சொன்னார். நானும் சாமை நொய் போட்டுக் கிண்டி, கீரைக் கடைசலோடு சாப்பிட்டுப் பார்த்தேன். களி சற்றே நறநறப்பாக, ஆனால் தனி மணத்தோடு இருந்தது.

2023-இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக ராகி வழங்கும் திட்டம் தொடங்கியது. 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம், வளரும் குழந்தைகளின் வீடுகளுக்கு மறுபடியும் வருவது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது. ஆனால் களி கிண்டத் தெரிந்த ஆயாமார் எல்லா வீட்டிலும் இல்லை. தானியத்தை நிறுத்துக் கொடுக்கும் இடத்திலேயே மாதம் ஒருநாள் ஓர் அடுப்பை மூட்டி, தெரிந்த ஒருவரை அமர்த்தி, மாவு கொட்டுவதையும் காத்திருப்பதையும் கிண்டுவதையும் நேரில் காட்டச் சொல்ல வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். துடுப்புக்கும் கவைக்கோலுக்கும் பெரிய செலவு எதுவும் ஆகாது.