முகம் மூடிய பவனி

2023ஆம் ஆண்டு பங்குனிப் பிற்பகுதியில், ஸ்பானிய தேசத்துச் செவில் நகரில் ஓர் அந்திவேளை வழி தப்பினோம். ஒடுங்கிய தெருவொன்றிலே, கூம்பு போன்ற நெடுந்தொப்பியால் முகம் முழுவதும் மூடிய ஓர் அணி மெழுகுதிரி ஏந்தி எதிர்ப்பட்டது. கண்களுக்கு இரு துவாரங்களே. அமெரிக்க நிறவெறிக் கூட்டத்தாரின் படம் நினைவில் எழ, உள்ளம் நடுங்கிற்று. விலகவோ வழியில்லை, தெரு நிறைந்த சனம். விளக்கம் கேட்கவோ மொழி தெரியாது.

அப்போதுதான் அவர்களுட் சிலரின் வெறுங்கால்களைக் கண்டோம். கல் பாவிய தெருவில் பாதரட்சையின்றி நடப்பது எதற்கென யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லவும் வேண்டுமா?

பின்னே, கண்ணீர் வடிக்கும் மரியன்னையின் பீடம் மெல்ல அசைந்து வந்தது. சுமப்போர் எவரையும் காணோம். திரைக்குக் கீழே பாதங்கள் மட்டுமே. பிடரியிலே பாரம் தாங்கும் அவர்கள், முன்னே நிற்பவர் சுத்தியலால் தட்டும் ஒலி கேட்டு ஒருசேர எழுகின்றனர். இளமையிற் சுவாமி காவிய எமது தோளுக்கு அந்தப் பாரம் தெரிந்தது.

அது ஈஸ்டருக்கு முந்திய புனித வாரம் என்பதும், பாவத்துக்கு வருந்துவோன் இன்னானெனப் பிறர் அறியாதிருக்கவே முகம் மறைக்கின்றனர் என்பதும் பின்னர் விடுதியில் அறிந்தவை. அன்று ஒன்றும் அறியாமலே சப்பாத்தைக் கழற்றிக் கைகூப்பி நின்றோம். அருகில் நின்ற மூதாட்டி எம்மை வியப்போடு நோக்கினார். பின் சற்றே ஒதுங்கி, முன்வரிசையில் இடம் தந்தார்.