வடைக்கு எத்தனை சதவீதம்?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. பரீட்சை, ப்ராஜெக்ட், சனி ஞாயிறு கடை வேலைன்னு ஓடிருச்சு. இன்னைக்கு எழுதப்போறது வரி வக்கீல் பத்தி. ஓடிராதீங்க மக்கா, நடுவுல வடை வரும் :-)

ஃபிரெஞ்சுல வரிக்கு 'அம்போ'ன்னு சொல்லுவாங்க. எழுதுறது வேற மாதிரி, காதுல விழுறது கிட்டத்தட்ட இப்படித்தான். நம்ம ஊர்ல 'அம்போன்னு விட்டுட்டான்'னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். வந்த புதுசுல இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். 2025 ஜூனுக்கு அப்புறம் சிரிக்கிறதில்லை.

நான் வேலை பார்க்கிறது ரூ து ஃபொபூர் சேன்-தெனியில ஒரு கடை. லா ஷப்பேல் மெட்ரோ பாலத்துக்குக் கிட்ட. (வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம், அதனால சட்டப்படிதான்!) முன்னாடி முருங்கைக்காய், அரிசி மூட்டை, பருப்புப் பாக்கெட். பின்னாடி சின்ன அடுப்பு. கல்லாப்பெட்டி பக்கத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வடையும் ரோல்ஸும். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு அண்ணா.

அந்த சனிக்கிழமை, பிள்ளையார் படத்துக்குப் பின்னாடி இருந்து ஒரு கவரை எடுத்தார்.

"தம்பி, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். பதிவுத் தபாலில வந்தது. நீர் படிச்ச பிள்ளை, உமக்கு விளங்கும்."

படிச்ச பிள்ளை வாசிச்சான். தலைப்பு 'ப்ரொபொசிசியோன் து ரெக்திஃபிகாசியோன்'. திருத்தம் செய்ய ஒரு முன்மொழிவு. உள்ள பத்துப் பதினைஞ்சு பக்கம், நிறைய அட்டவணை. நான் மேலோட்டமாப் புரட்டிட்டு, "ஒண்ணும் இல்லண்ணா, கணக்கை இப்படித் திருத்தலாம்னு யோசனைதான் சொல்லியிருக்காங்க"ன்னேன். அவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. கடையில எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது.

ராத்திரி தூக்கம் வரலை. ஃபோன்ல எடுத்து வச்சிருந்த படங்களைப் பெருசாக்கி, அகராதியோட உட்கார்ந்தேன். யோசனையாவது மண்ணாவது. 2022, 2023 ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் யூரோவுக்கு மேல கேட்டிருக்காங்க. கடிதம் கிடைச்ச 30 நாளுக்குள்ள பதில் எழுதணும். எழுதலைன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம். அப்புறம் கோர்ட்டுக்குப் போனாலும், கணக்கு தப்புன்னு நிரூபிக்க வேண்டிய பாரம் நம்ம தலையில. கையெழுத்துப் போட்டு வாங்கின தேதியைப் பார்த்தேன். 19 நாள் பிள்ளையாருக்குப் பின்னாடியே போயிருச்சு. மிச்சம் பதினொண்ணு.

ஒரு மனுஷன் இருபத்தஞ்சு வருஷமாக் கட்டின கடை. நான் ஒரு வார்த்தையைத் தப்பாச் சொன்னதுல, அந்தப் பதினொண்ணும் அப்படியே போயிருக்கும். ஞாயிறு காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். "அண்ணா, நேத்து நான் சொன்னது தப்பு." திட்டுவார்னு நினைச்சேன். "வாசிச்சுச் சொன்னது நீர், ஒளிச்சு வச்சது நான்"னு மட்டும் சொன்னார்.

முதல்ல அவரோட ஆடிட்டருக்குத்தான் போன் பண்ணினோம். "கட்டிட்டு விட்டுருங்க"ன்னுட்டார். அவர் அப்படிச் சொன்னதுக்குக் காரணம் பின்னாடிதான் புரிஞ்சது. வடையும் ரோல்ஸும் வித்த காசை, மளிகைச் சாமானோட சேர்த்து 5.5% வரியில போட்டிருந்தது அவரேதான்!

விஷயம் இதுதான். இங்க மதிப்புக் கூட்டு வரியை 'தேவேஆ'ம்பாங்க. பாக்கெட் பருப்புக்கு 5.5%. உடனே சாப்பிடுற மாதிரி சூடா விக்கிற வடைக்கு 10%. பியருக்கு 20%. 100 யூரோவுக்கு வடை வித்தா 5.5%ன்னு போட்டு 5.21 யூரோ கட்டியிருக்கார். 10%ன்னா 9.09 கட்டியிருக்கணும். நூறுக்கு 3.88 குறையுது. ஒரு நாளைக்கு ஒண்ணுமில்லை, வருஷக்கணக்குல பார்த்தா வலிக்கும்.

திங்கட்கிழமை பத்தாவது வட்டாரத்து மேரிக்குப் போனோம். அதான் நகராட்சி அலுவலகம். பாரிஸ்ல மேரிகள்ல வக்கீல்கள் இலவசமா ஆலோசனை சொல்ற ஏற்பாடு இருக்கு. நிறைய பேருக்குத் தெரியாது, எனக்கும் அன்னைக்குத்தான் தெரியும். அங்க இருந்த அம்மா ரெண்டே விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, இன்னைக்கே பதிவுத் தபால்ல இன்னொரு 30 நாள் கேளுங்க; முதல் 30 நாளுக்குள்ள கேட்டா கொடுத்தே ஆகணும். ரெண்டு, இதுக்குன்னே இருக்கிற 'அவொகா ஃபிஸ்கலிஸ்த்', அதாவது வரி வக்கீல் ஒருத்தரைப் பாருங்க.

நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ஆடிட்டர்தான். வருமான வரித் தீர்ப்பாயம் வரைக்கும் அவரே போய் வாதாடலாம், ஹைகோர்ட்னாத்தான் வக்கீல். இங்க அப்படியில்லை. ஆடிட்டர் கணக்கு எழுதுவார். தகராறுன்னு வந்துட்டா வக்கீல். முதல் படி நிர்வாக நீதிமன்றத்துல இந்த மாதிரி வரி வழக்குக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். மேல்முறையீடுன்னா கட்டாயம் வேணும். ஆனா அண்ணா கேஸ்ல நான் பார்த்தது, வக்கீலோட வேலை கோர்ட்டுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது.

வக்கீல் கடிதத்தை வாசிச்சிட்டு மூணு கூறாப் பிரிச்சார்.

முதல் கூறு, வடைக்கு 10%. "இது தோற்கும், சண்டை போடாதீங்க."

ரெண்டாவது கூறுதான் பெருசு. கணக்கு நம்பற மாதிரி இல்லைன்னு ஒதுக்கிட்டு, வாங்கின உளுந்தையும் மாவையும் வச்சு எத்தனை வடை, எத்தனை ரோல்ஸ் வித்திருக்கும்னு அதிகாரி கணக்குப் போட்டிருந்தார். (ரெஸ்டாரண்ட்கள்ல வைன் பாட்டிலை எண்ணி, நாப்கினை எண்ணி எல்லாம் இப்படிப் போடுவாங்களாம்.) ஆனா அண்ணா உளுந்தைப் பாக்கெட்டாவும் விக்கிறாரே! கடைக்கு வந்த உளுந்து மொத்தமும் அந்தக் கணக்குல வடையாயிருச்சு. சாயந்தரம் மிஞ்சிக் குப்பைக்குப் போறதையும் கழிக்கலை. "இதுல நிப்போம்"னார்.

மூணாவது கூறு, வேணும்னே ஏமாத்தினதா 40% அபராதம். வேணும்னே செய்தார்னு நிரூபிக்க வேண்டியது வரி நிர்வாகம். வரி விகிதத்தைத் தப்பாப் போட்டது ஏமாத்து ஆகிடாது. "இதுலயும் நிப்போம்."

நான் அந்தப் பத்துப் பதினைஞ்சு பக்கத்துலயும் பணத்தை மட்டும்தான் பார்த்தேன். அவர் எதை விடணும், எதைப் பிடிக்கணும்னு பார்த்தார். காசு கொடுக்கிறது அதுக்குத்தான்.

கட்டணம் முன்கூட்டியே எழுத்துல: 2,800 யூரோ, அதுக்கு மேல 20% தேவேஆ. (வடையை விட வக்கீலுக்கு வரி ஜாஸ்தி!) இங்க எழுத்துல ஒப்பந்தம் போடாம ஃபீஸ் வாங்கக் கூடாது. 'ஜெயிச்சா மட்டும் கொடுங்க'ன்னு சொல்றதும் தடை. யாராவது அப்படிச் சொன்னா எழுந்து வந்துருங்க.

ரெண்டு வாரம் ராத்திரி கடை மூடினப்புறம் நானும் அண்ணாவும் பில்லைப் பிரிச்சோம். அடுப்படிக்குப் போன மூட்டை ஒரு பக்கம், அலமாரிக்குப் போன பாக்கெட் ஒரு பக்கம். பதில் போச்சு. அவங்களும் பதில் சொல்லணுமாம். சொன்னாங்க. 40% போயிருச்சு. உளுந்துக் கணக்கு பாதிக்கு மேல குறைஞ்சது. மொத்தம் பதினாலாயிரத்துச் சொச்சம், தவணையில கட்டிட்டிருக்கார். ஜெயிச்சோம்னு சொல்ல மாட்டேன். கடை திறந்திருக்கு.

ஒரே வருத்தம். அந்த வசந்தத்துல ஆய்வுக்கு வர்றோம்னு முதல் கடிதம் வந்தப்பவே, 'உங்களுக்குப் பிடிச்ச ஆலோசகரைத் துணைக்கு வச்சுக்கலாம்'னு அதுல எழுதியிருந்துச்சு. அதை எழுதலைன்னா ஆய்வே செல்லாதாம். அண்ணா அதிகாரிக்குத் தேத்தண்ணி கொடுத்து, தனியா உட்கார்ந்து, கேட்டதுக்கெல்லாம் 'வி, வி'ன்னு தலையாட்டியிருக்கார். வக்கீலைக் கூப்பிட வேண்டிய நாள் அது. நாங்க கூப்பிட்டது முப்பது நாள்ல இருபத்தோராவது நாள்.

எல்லாத்துக்கும் வக்கீல் வேணும்னு சொல்ல வரலை. கடைசி நாள் கிளம்புறப்ப அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இந்தியாவுல வங்கிக் கணக்கு இருக்கா? இங்க அறிவிச்சிருக்கீங்களா?"ன்னார். எனக்கு வேர்த்துருச்சு. இங்க வரிக்கணக்குல குடியிருக்கிறவங்க வெளிநாட்டுக் கணக்கை ஒவ்வொரு வருஷமும் 3916ங்கிற படிவத்துல காட்டணும். காட்டாட்டி ஒரு கணக்குக்கு 1,500 யூரோ அபராதம். என் கணக்குல இருக்கிறது அதுல கால்வாசி கூட இல்லை! "எவ்வளவு ஃபீஸ் சார்?"னேன். சிரிச்சார். "இதுக்கு வக்கீல் எதுக்கு? வீட்டுக்குப் போய் விட்டுப்போனதை நீங்களே சேர்த்து அனுப்புங்க." அரை மணி நேரத்துல முடிஞ்சது.

படிவம்னா நாமளே நிரப்பலாம். கணக்குன்னா ஆடிட்டர். கடிதத்துல தொகையும் தேதியும் சேர்ந்து வந்தா, இல்லை ஆடிட்டர் போட்ட கணக்கே தகராறுன்னா, வக்கீல். ஃபிரெஞ்சு தெரிஞ்ச தம்பி இது எதுவும் இல்லை.

இப்பவும் சனிக்கிழமை யாராவது ஒருத்தர் கவரோட வர்றாங்க, "தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்"னு. நான் முதல்ல தேதியைத்தான் வாசிக்கிறேன்.

வடை சூடா இருக்கு, அந்தப் பக்கம் வந்தா வாங்க. 10% உட்பட :-)