இரைச்சலும் குரலும்

வாலாஜாபாத்தில் இரவு இப்போதெல்லாம் தாமதமாகவே வருகிறது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கனரக வண்டிகளும், தொழிலாளரை ஏற்றி இறக்கும் பேருந்துகளும் வண்டலூர்ச் சாலையில் ஓரளவு ஓய்ந்த பிறகுதான் காதுக்குச் சற்று அமைதி கிட்டும். அந்த நேரத்துக்காக நான் பல நாள் விழித்திருந்தேன். பழைய ஒலிநாடா ஒன்றைத் தூய்மை செய்ய வேண்டியிருந்தது.

தம்மாமில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தாவுக்கு, 1983-ஆம் ஆண்டில் என் தாயார் அனுப்பிய பேசும் கடிதம் அது. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம். அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் நாடாவில் பேசி, போவோர் வருவோரிடம் கொடுத்தனுப்புவது அன்றைய வழக்கம். எழுத்தறிவு அதிகமில்லாத என் தாயாருக்கு டேப் ரிக்கார்டரே எழுதுகோல். நாகூர் ஹனீபாவின் பாடல் நாடா ஒன்றின் முதுகிலிருந்த துளையைக் காகிதத்தால் அடைத்து, பாடல்களின் மீதே தம் பேச்சைப் பதிந்திருந்தார். 1991-இல் அவர் வஃபாத்தானார். அவர் குரல் இவ்வுலகில் எஞ்சியிருப்பது இந்த ஒரு நாடாவில்தான்.

அத்தா இப்போது 85 வயதைக் கடந்துவிட்டார். காது மந்தம். “உங்க அம்மா பேச்சை ஒரு தரம் தெளிவாக் கேக்கணும், தம்பி” என்றார். நாடாவைக் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளின் துணையோடு வேலையைத் தொடங்கினேன்.

இரைச்சல் மூன்று வகையாக இருந்தது. முதலாவது, தூறல்போல் இடைவிடாது கேட்கும் ‘ஸ்ஸ்’ ஒலி. நாடாவில் பூசிய காந்தத் துகள்களே அதற்குக் காரணம். கேசட் நாடா குறுகலானது, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என மெதுவாக ஓடுவது. ஆகவே அதில் இந்த ஒலி மிகுதி. இரண்டாவது, மின்சாரத்தின் முனகல். நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைவதால், 50, 100, 150 என்ற அலைவெண்களில் அது ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது, திடீர் திடீரென்று விழும் ‘டக்’ ஒலி.

முனகலை அதற்குரிய அலைவெண்களில் மட்டும் வெட்டி நீக்கினேன். தூறலுக்கு வேறு வழி. பேச்சில்லாத ஓரிடத்தைக் காட்டி, ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்குக் கற்பிக்க வேண்டும். அது அதன் சாயலை அளந்து எங்கும் குறைக்கும். பேராசையோடு குறைத்தால் குரல் நீருக்கடியில் பேசுவதுபோல் குமிழியிடும். நான் முதலில் பேராசைப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

வெட்டி ஒட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒலி என்பது ஏறி இறங்கும் அலை. ஏறிநிற்கும் இடத்தில் வெட்டி, இறங்கிநிற்கும் இடத்தோடு ஒட்டினால் அந்தப் படிக்கட்டே ‘டக்’கென்று கேட்கும். அலை பூச்சியத்தைக் கடக்கும் புள்ளியில் வெட்ட வேண்டும். அல்லது இரு முனைகளையும் சில மில்லி வினாடிகள் ஒன்றன்மேல் ஒன்று கரைய விட வேண்டும். இடையில் முழு மௌனத்தை வைத்தாலும் காது அதைப் பள்ளமாக உணரும். ஆளில்லா அறைக்கும் ஓர் ஒலி உண்டல்லவா? அதை எடுத்து நிரப்ப வேண்டும். இவ்வாறெல்லாம் செய்து, தையல் தெரியாமல் நாடாவைத் தைத்து முடித்தேன்.

அத்தா கண்களை மூடிக் கேட்டார். முடிந்ததும், “நல்லாத்தான் இருக்கு. நடுவுல நாலு இடத்துல டக்குனு வருமே, அது எங்கே?” என்றார்.

“அது பழுது அத்தா. எடுத்துட்டேன்.”

“பழுது இல்ல தம்பி. அழுகை வந்தா உங்க அம்மா பொத்தானை அமுக்கி நிறுத்திடுவா. மனசைத் தேத்திக்கிட்டு மறுபடியும் பேசுவா. அங்கே உக்காந்து நான் அதை எண்ணிக்கிட்டிருப்பேன்.”

எனக்குப் பேச்செழவில்லை. அந்த ஒலிக்கு முன் குரல் தாழ்வதையும், பின் தெளிந்து எழுவதையும் கருவியின் குறையென்று எண்ணி, அவற்றையும் சமன் செய்திருந்தேனே!

நல்லவேளையாக, முதற்படியைக் கைபடாமல் வைத்திருந்தேன். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் வகுத்துள்ள நெறி அதுதான்: வினாடிக்கு 48,000 மாதிரிகளுக்குக் குறையாமல், 24 பிட் தரத்தில், எதையும் திருத்தாமல் ஒரு படியெடுத்துக் காக்க வேண்டும், திருத்தமெல்லாம் வேறொரு படியில்தான். அந்த நெறி என்னைக் காப்பாற்றியது.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். முனகலை நீக்கினேன், தூறலைப் பாதியாகக் குறைத்தேன். நான்கு ‘டக்’ ஒலிகளையும், காதை உறுத்தாத அளவுக்குத் தணித்து, அவற்றின் இடங்களிலேயே விட்டேன். பின்னணியில் கேட்ட அரக்கோணம் ரயிலின் கூவலைத் தொடவில்லை. இறுதியில் ஸலாம் சொல்லி அம்மா பொத்தானை அமுக்கியதும், அழியாது எஞ்சிய பாடலின் நடுவிலிருந்து ஹனீபாவின் கம்பீரக் குரல் எழும். முதல்முறை அதையும் வெட்டி எறிந்திருந்தேன். அவரும் 2015-இல் மறைந்துவிட்டார். இம்முறை இருவரையும் சேர்ந்தே இருக்க விட்டேன்.

இரைச்சலை அளந்து பிரிக்கக் கருவி உண்டு. வேண்டாதது எது என்பதை, அந்தக் குரலுக்கு உரியவரிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் முறை கேட்டபோது அத்தா ஒன்றும் சொல்லவில்லை. மடிமீதிருந்த வலக்கையின் விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக மடங்கின. நான்காவது விரலும் மடங்கியபின், கையை அப்படியே வைத்துக்கொண்டார்.