சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை



சென்னையில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், நம்ம விளாத்திகுளத்துல மிளகாய் வத்தல் இருக்கு, கருவேலங்கரி இருக்கு, வேம்பார்ல கருப்பட்டி இருக்கு. அந்தப் பக்கம் தூத்துக்குடி துறைமுகம். இவ்வளவு இருந்தும் ஏன் சார் ஒரு தொழிலும் பெருசா வளரல? நம்ம ஆளுகளுக்குத் துணிச்சல் இல்லையா?"

போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

துணிச்சல் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வானத்தை மட்டும் நம்பிக் கரிசலில் விதை போடுகிற சம்சாரியைவிடத் துணிச்சல்காரன் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. நம்மிடம் இல்லாதது வேறு. சரக்கைக் கொடுத்துவிட்டு, பணம் கைக்கு வரும்வரை தாக்குப்பிடிக்கும் வசதி.

என்னிடம் படித்த இன்னொருவர், பெயர் வேண்டாம், வத்தலை அரைத்துப் பொட்டலம் போட்டு விற்று வந்தார். ஒரு அரவை மெஷின், நான்கு பெண்களுக்கு வேலை. வெளியூரில் ஒரு பெரிய நிறுவனம் மாதாமாதம் சரக்குக் கேட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கணக்கைப் பாருங்கள். வத்தல் கொண்டுவரும் சம்சாரிக்கு அன்றைக்கே ரொக்கம். வேலைக்கு வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். கரண்ட் பில்லுக்குக் கெடு தேதி. வாங்கிய நிறுவனமோ பணம் கொடுக்க 90 நாள், சில சமயம் 120 நாள். நடுவில் உள்ள நாட்களை வட்டிக்கு வாங்கித்தான் ஓட்டினார்.

"சார், யாவாரம் நல்லாத்தான் ஓடுது. ஆர்டர் கூடக்கூடக் கடனும் கூடுது" என்றார் ஒருநாள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. நோட்டுக் கணக்கில் அவருக்கு ஒரு மாதம்கூட நஷ்டம் கிடையாது. ஆனாலும் இரண்டே வருடத்தில் மெஷின்மேல் தார்ப்பாய் விழுந்தது. இப்போது திருப்பூரில் வேன் ஓட்டுகிறார். அந்த நான்கு பெண்களும் பழையபடி காட்டு வேலைக்குப் போகிறார்கள்.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. வகுப்பில் நான் நடத்திய வ.உ.சி. பாடம் நினைவிருக்கிறதா? 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. கொழும்புக் கட்டணத்தை அவர்கள் குறைத்தார்கள், இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அவர்கள் சும்மாவே ஏற்றிக்கொண்டு போனார்கள், குடையும் இலவசமாகக் கொடுத்தார்கள் என்பார்கள். பெரிய கம்பெனி அந்த நஷ்டத்தை வருடக்கணக்கில் தாங்கும். சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்த கம்பெனி எத்தனை மாதம் தாங்கும்? போதாததற்கு 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தது அரசாங்கம். 1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். வ.உ.சி.க்கா துணிச்சல் இல்லை?

"சொந்த நிலத்தை பாங்கில் வைத்துக் கடன் வாங்கலாமே" என்பீர்கள். எத்தனை பேர் வீட்டில் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, சொல்லுங்கள். தாத்தா போய் முப்பது வருடம். வாரிசு ஏழு பேர். ஒருவர் மும்பையில், ஒருவர் துபாயில். ஏழு கையெழுத்தும் சேராமல் அந்த நிலத்தின்மேல் பாங்கு கடன் தராது. நிலம் இருக்கிறது, ஆனால் தொழிலுக்கு உதவாது.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோ இதைத்தான் செத்த மூலதனம் என்றார். லிமா நகரில் ஒரு சின்னத் தையல் கூடத்தைச் சட்டப்படி பதிவு செய்ய எவ்வளவு காலம் ஆகும் என்று அவருடைய குழுவினர் நேரில் அலைந்து பார்த்தார்கள். 289 நாள் ஆனது. ஏழை நாடு எதுவானாலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதற்கு மருந்து கண்டவர்களும் நம் பக்கத்து ஆட்கள்தான். விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று நாடார் வியாபாரிகள் மகமை எடுத்து வைத்தார்கள். அந்தப் பொதுப்பணம் பள்ளிக்கூடமானது, தொழிலுக்குக் கைகொடுத்தது. சுதேசிக் கம்பெனி கலைந்து பத்தே வருடத்தில், 1921இல், அதே தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. தனி ஆளால் தாங்க முடியாததைக் கூடி நின்று தாங்கினார்கள்.

இன்றைக்குச் சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு: கெடு தாண்டிவிட்டால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது.

பிறகு ஏன் தார்ப்பாய் விழுகிறது? புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். நம் மாணவரும் அந்தப் பயத்தில்தான் வாய் திறக்கவில்லை. இருக்கிற ஒரே பெரிய வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

அதனால் உங்களிடம் சில விஷயங்கள் கேட்கிறேன். தொழில் செய்கிற பிள்ளைகள் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. அது இருந்தால்தான் இந்தச் சட்டத்தின் துணை கிடைக்கும். ஒரே ஆளை நம்பி மொத்தச் சரக்கையும் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர்களே, அடுத்த கொடைக்கு எல்லோரும் ஊரில் கூடும்போது பட்டா மாற்றும் வேலையையும் சேர்த்து முடித்துவிடுங்கள். தாலுகா ஆபீசிலும் பாங்கிலும் இருக்கும் என் மாணவர்களே, அந்த மனு உங்கள் மேஜைக்கு வரும்போது நாளைக்கு வா என்று சொல்லாதீர்கள்.

முக்கியமாக, பெரிய கம்பெனிகளில் கணக்குப் பிரிவில், கொள்முதல் பிரிவில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு: உங்கள் மேஜையில் தூங்கும் பில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு ஊரில் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு நான்கு பேர் காத்திருக்கிறார்கள். சின்ன ஆளின் பில்லை முதலில் பாஸ் பண்ணுங்கள். ஆசிரியர் தினத்துக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறீர்களே, அதைவிட இது எனக்குப் பெரிய சந்தோஷம்.

எல்லோரும் நல்லா இருங்க. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார், விளாத்திகுளம்