மீன் பிடிப்பதில் முதல் ரேங்க்

ஃப்ளை ஃபிஷிங் செய்கிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஆற்றுக்குப் போவதே ஊர் வம்பு, ஆபீஸ், போட்டி எல்லாவற்றையும் மறக்கத்தான் என்பவர்கள் ஒரு ஜாதி. யார் கெட்டிக்காரன் என்று தெரிய வேண்டாமா என்பவர்கள் இன்னொரு ஜாதி. ஊட்டியில் பாங்க் உத்தியோகம் பார்த்த பதினோரு வருஷமும் நான் முதல் ஜாதி என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இதில் மண்புழு கிடையாது, தக்கை கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வார்கள். அதற்கு எடையே இருக்காது என்பதால், கனமான லைனைக் காற்றில் முன்னும் பின்னும் வீசித்தான் அதைத் தண்ணீரில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மீன் அன்றைக்கு எந்தப் பூச்சியைத் தின்கிறது, எந்த ஆழத்தில் தின்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வித்தை. நம் நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் இருப்பதே வெள்ளைக்காரனின் இந்தப் பைத்தியத்தால்தான். அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கத்து மீன் அது. 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, இங்கே குடியேற்றினார்கள்.

போட்டி என்றதும் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுப்பது என்று நினைக்க வேண்டாம். உலக சாம்பியன்ஷிப் 1981-ல் லக்சம்பர்க்கில் ஆரம்பமானது. ஒரு சுற்று மூன்று மணி நேரம். ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். கரையில் ஒருவர் அளவுகோலோடு நிற்பார். பிடித்த மீனை அளந்து குறித்துக்கொண்டதும் உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும். கொக்கியில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன முள் இருக்கக் கூடாது. மீனுக்குக் காயம் குறையும் என்பதற்காக.

2022-ல் அமெரிக்காவில் ஏரி ஈரியில் நடந்த ஒரு வாலை மீன் போட்டியில் இருவர் மீன் வயிற்றுக்குள் ஈயக் குண்டுகளைத் திணித்து எடை காட்டி, கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். மீன் பிடிக்கப் போனவர்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள்! அது ஃப்ளை போட்டி இல்லை. மீனை அங்கேயே அளந்து விட்டுவிடுகிற இடத்தில் ஈயம் செல்லாது. ஆனாலும் பரிசுப் பணம் மனுஷனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்று உலகம் முழுக்க ட்ரவுட் பிடிக்கிறவர்கள் பயன்படுத்தும் ஒரு முறை 1980-களில் போலந்து, செக் போட்டியாளர்கள் கையில் வளர்ந்தது. லைனில் தனியாக ஈயம் கட்டக் கூடாது என்பது போட்டி விதி. சரி, பூச்சியையே கனமாகக் கட்டுவோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். காலடிக்குப் பக்கத்திலேயே, ஆற்றின் அடித்தரையை ஒட்டி அதை உருள விட்டார்கள். ட்ரவுட் தன் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் தின்கிறது என்பதால் மீன் குவிந்தது. தன்பாட்டுக்கு மரத்தடியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்கிறவனுக்கு இந்த யோசனை எதற்கு வரப்போகிறது?

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், போன மாதம் டென்வரிலிருந்து மகள் போன் செய்தாள். பேரனுக்குப் பதினாறு வயசு. இளையோர் அணிக்கான தேர்வில் கலந்துகொள்ளப் போகிறானாம். மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. "படிப்பில்தான் ரேங்க், நீச்சலில்தான் ரேங்க். அவன் நிம்மதியா இருக்கிறது அந்த ஆத்தங்கரையில மட்டும்தான் மாமா, அங்கயும் மார்க்கா?" என்றார். மகளோ, "நீங்கதானேப்பா அவனுக்குக் கோலைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தீங்க, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போட்டி இல்லாத ஆற்றங்கரையை நான் பார்த்ததில்லை. தேயிலை ஃபேக்டரி நண்பர் ஒருவரோடு அவலாஞ்சிப் பக்கம் ஒன்பது வருஷம் போனேன். இருவரும் எண்ணிக்கை பற்றிப் பேசியதே கிடையாது. ஆனால் திரும்பும் வழியில் ஜீப்பில் அவர் விசில் அடித்தால் அவருக்கு ஒன்று கூட என்று அர்த்தம். எனக்குக் கூட விழுந்த நாட்களில் அவர் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வார். அவர் போய் ஆறு வருஷமாகிறது. அந்த விசிலைப் போல என்னை மறுபடி ஆற்றுக்கு இழுத்த சங்கதி வேறு இல்லை.

எனக்குள்ள ஆட்சேபம் வேறு. ட்ரவுட் குளிர்ந்த நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்கு மூச்சு முட்டும். அந்த நேரத்தில் கொக்கியில் மாட்டி இழுத்துக் களைக்க வைத்தால், நாம் விட்டதும் நீந்திப் போகிற மாதிரி போய், கொஞ்ச நேரத்தில் செத்தும் போகலாம். சும்மா பொழுதுபோக்குக்கு வந்தவன் தண்ணீரில் கை வைத்துப் பார்த்துவிட்டு மூட்டை கட்டிவிடலாம். போட்டிக்குத் தேதி முன்கூட்டியே குறித்தாகிவிட்டது. டிக்கெட் வாங்கி வந்தவன் வெயிலைப் பார்த்துத் திரும்புவானா?

அதனால் பேரனிடம் நேராகவே பேசினேன். போ என்றேன். ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள், தண்ணீர் 20-ஐத் தாண்டினால் கோலை மடக்கிக் கரையேறு, அன்றைய புள்ளி போனால் போகட்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "தாத்தா, என் துண்டுல மட்டும்தானே நான் நிறுத்த முடியும்? பக்கத்துத் துண்டுல இருக்கிறவன் பிடிச்சுக்கிட்டே இருப்பானே?"

ஆமாம், பிடித்துக்கொண்டேதான் இருப்பான் என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றான். தேர்வு ஆகஸ்டில். தெர்மாமீட்டரை மாப்பிள்ளையே வாங்கிக் கொடுத்தாராம்.